கல்லில் பூத்த உப்பு: வாசகர் கேள்வி பதில்

போன தடவை மொட்டை மாடி ஒழுகுவதைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் "உப்புத் தண்ணி படிந்த கல்லைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்" என்று ஒரு வரி போட்டுவிட்டேன். ஒழுகலைப் பற்றி வந்ததைவிட அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் ஜாஸ்தி. 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள், போர்த் தண்ணியைப் பிரிக்க முடியவில்லை போல. காட்பாடியிலிருந்து ஏலகிரி வரைக்கும் ஒரே புலம்பல். வந்ததில் சிலவற்றை இங்கே எடுத்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, காட்பாடிக்கு வெளியே மாந்தோப்புக்குள் சின்னதாக வீடு கட்டி, பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று 20 அடிக்கு 10 அடியில் நீச்சல் குளமும் போட்டோம். சுற்றிலும் கருப்பு கிரானைட். மூன்றே வருஷத்தில் தண்ணி நிற்கிற மட்டத்திலும் விளிம்புக் கல்லிலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டிவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் ஈரமாக இருக்கும்போது போன மாதிரி தெரிகிறது, காய்ந்ததும் திரும்ப வந்து பல்லைக் காட்டுகிறது. ஆசிட் ஊற்றினால் ஒரே நாளில் போய்விடும் என்கிறார் மேஸ்திரி. ஊற்றலாமா? (காட்பாடி வாசகர்)

பதில்: தம்பி, மேஸ்திரி சொன்னது பாதி சரி. ஆசிட் ஊற்றினால் வெள்ளை போகும். கூடவே வேறு என்னென்ன போகும் என்பதை அவர் சொல்லவில்லை.

அந்த வெள்ளை சுண்ணாம்பு. மழைத் தண்ணி மண்ணுக்குள் இறங்கும்போது அங்கே இருக்கிற கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறி, போகிற வழியில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டுதான் உங்கள் போருக்கு வந்து சேருகிறது. மேலே வந்து வெயிலில் காயும்போது வாயுவும் பறந்துவிடும், தண்ணியும் பறந்துவிடும், சுண்ணாம்பு போக இடமில்லாமல் கல்லிலேயே உட்கார்ந்துவிடும். வெந்நீர் அண்டாவின் அடியில் தட்டுகிற பொருக்கும் இதேதான். துவரம் பருப்பை வேகவிடாமல் அழிச்சாட்டியம் பண்ணுவதும், துணி துவைக்கும்போது சோப்பை நுரைக்கவிடாமல் தின்பதும் இதே தண்ணிதான். வீட்டில் அம்மாவைக் கேளுங்கள், நான் சொல்வதைவிட நன்றாகச் சொல்வார்கள்.

எவ்வளவு சேருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் குளம் 200 சதுர அடி. வெயில் நாளில் தண்ணி மட்டம் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் காய்கிறது என்று வையுங்கள், அதுவே 93 லிட்டர் ஆகிறது, மாதத்துக்கு ஏறக்குறைய 2,800 லிட்டர். அதை ஈடுகட்ட நீங்கள் மோட்டார் போட்டு விடுகிற போர்த் தண்ணியில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்து, இருந்தால் (குடிநீருக்கான இந்தியத் தர அளவில் 200 வரை நல்லது, வேறு தண்ணி கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது), மாதத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் சுண்ணாம்புக் கணக்கு அந்தக் குளத்தில் ஏறுகிறது. தண்ணி ஆவியாகப் போகிறது, சுண்ணாம்பு போவதில்லை. மூன்று வருஷத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

சரி, எடுப்பது எப்படி? அதற்கு முன்னால் அது நிஜமாகவே கிரானைட்தானா என்று பாருங்கள், கடையில் கருப்பாக இருக்கிற எதையும் கிரானைட் என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். கண்ணில் படாத ஒரு மூலையில், வெள்ளைப் பொருக்கு இல்லாத வெறும் கல்லின் மேல் ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிஷம் கழித்துத் துடையுங்கள். குமிழி வந்தாலோ துடைத்த இடம் மங்கினாலோ அது சுண்ணாம்புக் கல், இந்தப் பதிலை விட்டுவிட்டு அடுத்த பதிலுக்குப் போய்விடுங்கள். ஒன்றுமே ஆகவில்லை, கத்தி முனையால் கீறினாலும் கோடு விழவில்லை என்றால் கிரானைட், தைரியமாக மேலே படியுங்கள்.

கிரானைட்டில் இருக்கிற மணிகள் இந்த மாதிரி மிதமான புளிப்புக்கெல்லாம் அசையாது, மேலே உட்கார்ந்திருக்கும் சுண்ணாம்பு மட்டும் கரையும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும், சிட்ரிக் ஆசிட் என்பது அதுதான். ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 கிராம். வேலையைக் காலையில் 6 மணிக்குள் ஆரம்பித்துவிட வேண்டும், அக்னி நட்சத்திர வெயிலில் 10 மணிக்குக் கல்லில் ஊற்றினால் ஊற்றின கையோடு காய்ந்துவிடும், காய்ந்தால் வேலைக்கு ஆகாது. தண்ணி மட்டத்தை அரை அடி குறைத்துக்கொள்ளுங்கள். முதலில் பிளாஸ்டிக் கரண்டியாலோ மரச் சில்லாலோ தடிப்பான பொருக்கைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். 50 கிராம் எலுமிச்சை உப்பு முழுசாக வேலை செய்தாலும் 40 கிராம் சுண்ணாம்பைத்தான் கரைக்கும், கையால் எடுக்க வேண்டியதைக் கரைசலை வைத்து எடுக்கப் பார்த்தால் மூட்டை மூட்டையாக வாங்க வேண்டியிருக்கும். அப்புறம் கல்லையும், முக்கியமாகக் கல்லுக்குக் கல் இருக்கிற சிமெண்ட் சந்தையும் நல்ல தண்ணியால் நனைத்துவிடுங்கள். வயிறு நிறைய தண்ணி குடித்திருக்கும் சந்து புளிப்புத் தண்ணியை உள்ளே இழுக்காது. இதைச் செய்யாமல் விட்டுத்தான் பல இடங்களில் சந்து பொரிந்து போகிறது.

ரெண்டு அடி நீளம், ரெண்டு அடி அகலமாகப் பகுதி பகுதியாகச் செய்யுங்கள். கரைசலைத் துணியில் நனைத்துக் கல்லின் மேல் ஒட்டினாற்போல் போட்டு 5 முதல் 10 நிமிஷம் விட்டு, நைலான் பிரஷால் தேய்த்து, உடனே தண்ணி ஊற்றி அலசிவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் ஊறட்டும்" என்று டீ குடிக்கப் போய்விடாதீர்கள். எலுமிச்சை உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டாகிற பொருளே தண்ணியில் லேசில் கரையாது, அங்கேயே காய்ந்தால் பழைய வெள்ளைக்குப் பதில் புது வெள்ளை. கடைசியில் ஒரு வாளித் தண்ணிக்கு ரெண்டு கைப்பிடி சமையல் சோடா கலந்து ஊற்றி இன்னொரு தடவை அலசுங்கள். அலசுகிற தண்ணி குளத்துக்குள் போகாமல் வெளிப்பக்கம் வாரியல் வைத்துத் தள்ளிவிடுங்கள். ஒரே தடவையில் போகாது, மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

மேஸ்திரி சொன்ன ஆசிட்டுக்கு வருவோம், அதாவது புது வீட்டில் சிமெண்ட் கறை எடுக்க ஹார்டுவேர் கடையில் கேனில் வாங்குகிற ஹைட்ரோகுளோரிக் ஆசிட். கிரானைட்டை அது உடனே தின்னாது, உண்மை. ஆனால் சந்து சிமெண்டைத் தின்னும், அதன் புகை உங்கள் எவர்சில்வர் ஏணியில் துருப்புள்ளி வைக்கும், சில கிரானைட்டில் இருக்கிற இரும்புச் சத்தை வெளியே இழுத்துப் பழுப்புக் கறை ஆக்கும். வெள்ளைக் கறையை எடுக்கப் போய் பழுப்புக் கறையோடு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன், பழுப்பை எடுப்பது இதைவிடப் பெரிய வேலை.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. குளத்துக்குப் போடுகிற குளோரின் மருந்து, பிளீச்சிங் பவுடர், திரவ பிளீச் எதுவும் எந்த ஆசிட்டோடும் சேரவே கூடாது. ரெண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைச் சுட்டுவிடும், ஆளைச் சாய்த்துவிடும். மோட்டார் அறையில் ரெண்டையும் ஒரே அலமாரியில் வைக்கிற வழக்கம் நம்ம ஊரில் நிறைய இருக்கிறது, இன்றைக்கே பிரித்து வையுங்கள். ஒரே மக்கால் ரெண்டையும் மொள்ளக் கூடாது. எந்த ஆசிட்டானாலும் தண்ணியில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணியை ஊற்றக் கூடாது.

கம்பி பிரஷ், உப்புத்தாள் ரெண்டும் வேண்டாம். உப்புக் கறைக்கு உப்புத்தாள் என்று பெயர் பொருத்தம் பார்த்து ஒருவர் தேய்த்து வைத்திருந்தார், கறை போனது, பாலிஷும் போனது.

கேள்வி: ஐயா, எங்கள் நிலத்தில் பம்ப்செட் தொட்டியைப் பெரிதாகக் கட்டி, குளிக்க இறங்குகிற படியெல்லாம் கடப்பா கல் போட்டோம். வெள்ளை படிந்துவிட்டது என்று பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஊற்றித் தேய்த்தேன். நுரை நுரையாகப் பொங்கியது, அழுக்கெல்லாம் வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். காய்ந்த பிறகு பார்த்தால் கருப்புக் கல் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிட்டது. என்ன செய்வது? (குடியாத்தம் வாசகி)

பதில்: அம்மா, பொங்கியது அழுக்கு இல்லை, கல்லேதான். கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை. மேலே படிந்த வெள்ளை எதுவோ, கீழே இருக்கிற கருப்பும் ஏறக்குறைய அதுவே. ரெண்டுக்கும் வித்தியாசம் பார்க்க ஆசிட்டுக்குக் கண் கிடையாது. மார்பிள், கோட்டா, ஷாபாத், தந்தூர் எல்லாம் இதே குடும்பம். இந்தக் கற்களில் எலுமிச்சை, வினிகர், எலுமிச்சை உப்பு, நீல நிற பாத்ரூம் திரவம், எதுவும் கூடாது.

உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுப் பூஜை அறை வாசலில் வெள்ளை மார்பிள் மேல் சிமெண்ட் சொட்டு காய்ந்திருக்கிறது என்று நானே ஆசிட் வைத்துத் தேய்த்தவன்தான். சொட்டு போன இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சொரசொரப்பு. வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை, அந்த இடத்தின் மேல் ஒரு கோலப் பலகையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

உங்கள் படிக்கு வருவோம். ஆசிட் தின்றதால் கல்லின் மேல்தோல் பொடிப்பொடியாகச் சொரசொரத்துப் போய், வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால்தான் சாம்பலாகத் தெரிகிறது. தண்ணி ஊற்றிப் பாருங்கள், ஈரத்தில் பழைய கருப்பு தெரியும். அதாவது நிறம் எங்கேயும் போகவில்லை, வழவழப்பு போய்விட்டது. பாலிஷ் போடுகிற ஆளைக் கூப்பிட்டு, தண்ணி விட்டுக்கொண்டே கையில் பிடிக்கிற மெஷினில் சொரசொரப்பான தட்டில் ஆரம்பித்து நைசுக்கு வரச் சொல்லுங்கள், மீதி வெள்ளைப் பொருக்கும் அதோடு போய்விடும். ஆனால் கண்ணாடி மாதிரி ஏற்றிவிடச் சொல்லாதீர்கள், குளிக்கிற படி, வழுக்கும். நடுத்தரமாக நிறுத்தச் சொல்லுங்கள்.

கடப்பா கல்லுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் கருப்பு வந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் நிச்சயம் சொல்வார்கள். வரும், ரெண்டு நாளைக்கு. மூன்றாம் நாள் யாராவது வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருப்பார்கள்.

இனிமேல் வெள்ளை படிந்தால் நனைத்து, பிளாஸ்டிக் சில்லால் மெதுவாகச் சுரண்டுங்கள், அவ்வளவுதான். முழுசாகப் போகாது. உப்புத் தண்ணிப் பக்கத்தில் கடப்பா கல் போட்டால் கொஞ்சம் வெள்ளையோடு குடித்தனம் பண்ணத்தான் வேண்டும், கேட்கிறவர்களிடம் இதை முன்னாடியே சொல்லிவிடுவது என் வழக்கம்.

கேள்வி: புளி போட்டுத் தேய்க்கலாமா? குத்துவிளக்கு பளபளவென்று ஆகிறதே. (ஆரணி வாசகி)

பதில்: புளிக்கும் புளிப்புத்தான் வேலை செய்கிறது, அதனால் கிரானைட்டில் சுண்ணாம்பு கொஞ்சம் கரையத்தான் செய்யும். ஆனால் புளியின் பழுப்பு கல்லின் துளைகளுக்குள் இறங்கிவிடும். விளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புளி விற்கிற விலைக்கு எலுமிச்சை உப்பே மலிவு.

கேள்வி: எங்கள் குளத்துக் கல்லில் வெள்ளை தண்ணி படுகிற இடத்தில் வருவதில்லை, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சந்தை ஒட்டி, பஞ்சு மாதிரி பூக்கிறது. மழை விட்டு வெயில் அடித்தால் அதிகமாகிறது. துடைத்தால் போய்விடுகிறது, ஒரு வாரத்தில் மறுபடியும் வருகிறது. (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: உங்களுடையது வேறு நோய். காட்பாடிக்காரருக்கு மேலேயிருந்து இறங்கியது, உங்களுக்குக் கீழேயிருந்து ஏறுகிறது. கல்லுக்கு அடியில் இருக்கிற சிமெண்ட் கலவையிலும் மணலிலும் மண்ணிலும் இருக்கும் உப்பு, அடியில் தேங்கிய ஈரத்தில் கரைந்து சந்து வழியாக மேலே ஏறி, வெயிலில் தண்ணி மட்டும் போக, உப்பு பூத்து நிற்கிறது. கிராமத்தில் பழைய மண்சுவரின் அடியில் உவர் அரித்து உதிரும் இல்லையா, அதே கதை. நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லமாட்டேன், விரலில் ஒற்றித் தண்ணியில் போட்டுப் பாருங்கள், கரைந்துவிட்டால் இந்த வகை. சுண்ணாம்புப் பொருக்கு வெறும் தண்ணியில் அப்படிக் கரையாது.

இதற்கு ஈரமாகத் துடைத்தால் கரைந்து மறுபடி சந்துக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷால் பெருக்கி, முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். புதுக் கட்டடமாக இருந்தால் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் உப்பு தீர்ந்து தானே நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். குளத்துச் சுவரில் கசிவா, பக்கத்துத் தோட்டத்துக்குப் பாய்கிற தண்ணியா, மழைத் தண்ணி ஓட வாட்டம் இல்லாமல் தேங்குகிறதா? பாதி வீடுகளில் வாட்டம்தான் தப்பு.

கல்லின் மேல் தண்ணி இறங்காமல் இருக்க சீலர் அடித்துவிடலாம் என்று யாராவது வருவார்கள். உள்ளே ஈரமும் உப்பும் இருக்கும்போது வாயை மூடினால் உப்பு கல்லுக்குள்ளேயே பூத்து, மேல் தோலை அப்பளம் மாதிரி கிளப்பிவிடும். முழுக்கக் காய்ந்து, ஒரு பருவம் பூக்காமல் இருந்தால் அப்போது யோசிக்கலாம், அதுவும் மேலே படலம் கட்டாமல் உள்ளே இறங்குகிற வகையாக.

கேள்வி: டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 1,800 காட்டுகிறது. பைப்பில் ஒரு காந்தக் கருவி மாட்டினால் உப்பு படியாது என்று ஒருவர் வந்து விளக்கம் சொன்னார். வாங்கலாமா? (ஆம்பூர் வாசகர்)

பதில்: அந்த மீட்டர் தண்ணியில் எவ்வளவு உப்பு மொத்தமாகக் கரைந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லும், என்ன உப்பு என்று சொல்லாது. உங்கள் பக்கத்துக்கு இது முக்கியம். பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் கழிவு கலந்த கதை தெரிந்ததுதான், வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே வந்தது. தோலைப் பதப்படுத்தப் போடுகிற உப்பு சாதாரண சாப்பாட்டு உப்புதான், அது கலந்த தண்ணியிலும் மீட்டர் எகிறும், ஆனால் அது கல்லில் காய்ந்தால் ஒரு வாளித் தண்ணியில் போய்விடும். பொருக்கு கட்டுவது கால்சியம். ஆகவே கடினத்தன்மை எவ்வளவு என்று தனியாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது, சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தால் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துத் தருவார்கள்.

காந்தத்தைப் பொறுத்தவரை, நான் அதற்குக் காசு கொடுக்கமாட்டேன். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் கடினத்தன்மையைப் பரிசோதித்துக் காட்டச் சொல்லுங்கள், "கடினத்தன்மை குறையாது சார், அதன் குணம் மாறும்" என்று ஆரம்பிப்பார், அங்கேயே டீ கொடுத்து அனுப்பிவிடலாம். நிஜமாகவே கால்சியத்தை எடுப்பது ரெசின் போட்ட சாஃப்ட்னர். கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும், அவ்வப்போது கல் உப்புக் கரைசல் விட்டு ரெசினைக் கழுவ வேண்டும். அதில் வருகிற தண்ணியிலும் டிடிஎஸ் குறையாது, ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போகாதீர்கள். கழுவிய உப்புத் தண்ணியைத் தென்னைக்கு விடாதீர்கள்.

கேள்வி: ஏலகிரியில் ஒரு விடுதியின் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு பக்கம் அருவி மாதிரி தண்ணி கொட்டுகிற கல் சுவர். குளத்தின் மற்ற இடத்தைவிட அந்தச் சுவரில் மட்டும் கட்டி கட்டியாக ஏறுகிறது, சில இடத்தில் விரல் கனம். எலுமிச்சை உப்பு போட்டும் சில இடத்தில் அசையவில்லை. (ஏலகிரி வாசகர்)

பதில்: நல்ல கேள்வி, கவனித்துப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். சுண்ணாம்பைத் தண்ணியில் கரைத்து வைத்திருப்பது அந்தக் கரியமில வாயு என்று மேலே சொன்னேன். தண்ணியை மேலேயிருந்து கொட்டினால் என்ன ஆகும்? சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்த மாதிரி வாயு ஓடிவிடும். வாயு ஓடினால் தண்ணியின் பி.எச். (புளிப்பா காரமா என்று காட்டுகிற எண்) ஏறும், பி.எச். ஏறினால் சுண்ணாம்பு இறங்கும். அந்த மெல்லிய தண்ணி சுவரில் வழிந்து வெயிலில் சுடுவதும் சேர்ந்துகொள்கிறது. சர்க்கரை சூட்டில் கரையும், இந்தச் சுண்ணாம்பு நேர் எதிர், சூடு ஏற ஏறக் கீழே இறங்கும்.

அதனால் அருவியை 24 மணி நேரமும் ஓடவிடாதீர்கள், ஆட்கள் இருக்கும் நேரத்துக்கு மட்டும் போடுங்கள். பி.எச். 7.2 முதல் 7.8-க்குள் இருக்க வேண்டும், அருவி இருக்கிற குளத்தில் தினமும் பாருங்கள். மொத்தக் காரத்தன்மை 80 முதல் 120, கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400, ரெண்டும் லிட்டருக்கு மில்லிகிராமில், இது வழக்கமான கணக்கு. இந்த மூன்றையும் சூட்டையும் சேர்த்துப் பார்த்து, தண்ணி பொருக்கு கட்டுமா இல்லை சிமெண்டை அரிக்குமா என்று சொல்ல ஒரு குறியீடு இருக்கிறது, 1936-ல் லாங்கிலியர் என்பவர் கொடுத்தது. குளம் பராமரிக்கிற கம்பெனிக்காரர்களிடம் அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், விழித்தால் ஆளை மாற்றலாம்.

என்ன குளோரின் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணையாக இருந்தால் நீங்களே தினமும் கால்சியத்தை அள்ளிக் கொட்டுகிறீர்கள் என்று அர்த்தம். கடின தண்ணி உள்ள ஊரில் அதற்குப் பதில் திரவக் குளோரின் பரவாயில்லை, பி.எச். ஏறாமல் பார்த்துக்கொண்டால்.

எலுமிச்சை உப்புக்கு அசையாத இடத்தில் ஒரு சொட்டு விட்டுக் கூர்ந்து பாருங்கள். குமிழி வந்தால் சுண்ணாம்புதான், கனம் அதிகம், அவ்வளவே. சுரண்டி, ஊறவைத்து, மறுபடி சுரண்ட வேண்டும். குமிழியே வராமல் சாம்பல் வெள்ளையாகக் கண்ணாடி மாதிரி இறுகி இருந்தால் அது சிலிக்கேட் படிவு, வருஷக் கணக்கில் இறுகியது. மிதமான ஆசிட் எதற்கும் மசியாது. சுவர் கிரானைட் என்றால் நனைத்துக்கொண்டே நுரைக்கல்லால் பொறுமையாகத் தேய்த்து எடுக்க வேண்டியதுதான், குதிகாலுக்குத் தேய்க்கிறோமே அந்த எரிமலைக் கல். மார்பிளில் அது கீறிவிடும், தொடாதீர்கள்.

கேள்வி: குளத்துத் தண்ணியில் ஏறிவிட்ட கடினத்தன்மையைக் குறைக்க மருந்து ஏதாவது உண்டா? கடைக்காரர் ஒரு பாட்டில் கொடுத்தார். (சத்துவாச்சாரி வாசகர்)

பதில்: அந்தப் பாட்டில் பெரும்பாலும் சுண்ணாம்பைப் படியவிடாமல் தண்ணியிலேயே பிடித்து வைத்திருக்கும் மருந்தாக இருக்கும். கொஞ்ச நாள் உதவும், அப்புறம் அதன் சக்தி தீரும், மறுபடி ஊற்ற வேண்டும். கால்சியம் குளத்தை விட்டுப் போகாது. போக வேண்டுமானால் தண்ணியில் ஒரு பங்கை வெளியே எடுத்துவிட்டு நல்ல தண்ணியைச் சேர்க்க வேண்டும், வேறு குறுக்கு வழி கிடையாது.

தண்ணியில்லாத ஆறு என்று நம்ம ஊரைச் சொல்லிச் சிரிப்பார்கள், இங்கே நல்ல தண்ணிக்கு எங்கே போவது? குடிக்க வருகிற காவிரித் தண்ணியைக் குளத்தில் விடுவேன் என்றால் இந்தப் பகுதியில் உங்களுக்குப் பதில் எழுதமாட்டேன். மொட்டை மாடியைப் பாருங்கள். 2003-லேயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது, குழாய் ஏற்கெனவே இருக்கும். 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் வரும். 20-க்கு 10 அடி, 4 அடி ஆழக் குளம் என்றால் 22,000 லிட்டர் சொச்சம் பிடிக்கும், அதில் பாதியை மாற்ற 120 மில்லிமீட்டர் மழை போதும். ஐப்பசி அடைமழைக்கு அது ஒன்றும் பெரிதில்லை. மாடியைக் கழுவி, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, துணி கட்டி வடிகட்டி விடுங்கள். மழைத் தண்ணியில் கடினத்தன்மை கிட்டத்தட்ட கிடையாது என்பதால் பாதி மாற்றினால் கடினத்தன்மையும் பாதிக்கு வந்துவிடும்.

ரெண்டு எச்சரிக்கை. மழைக்காலத்தில் குளத்தை முழுசாகக் காலி பண்ணாதீர்கள், நிலத்தடி ஈரம் அடியிலிருந்து தள்ளித் தளம் வெடிக்கலாம், குளமே மேலே கிளம்பிய இடங்கள் உண்டு. இன்னொன்று, ஆசையில் முழுக்க மழைத் தண்ணியாக நிரப்பினால் சுண்ணாம்புப் பசியோடு இருக்கிற அந்தத் தண்ணி உங்கள் ஓட்டுச் சந்துகளின் சிமெண்டைக் கரைத்துத் தின்ன ஆரம்பிக்கும். கடினத்தன்மை 200-க்குக் கீழே போகவிடாதீர்கள்.

கேள்வி: இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்த பிறகு திரும்ப வராமல் இருக்க தினமும் என்ன செய்ய வேண்டும்? சுருக்கமாகச் சொல்லுங்கள், நீங்கள் நீளமாக எழுதுகிறீர்கள். (ஆற்காடு வாசகர்)

பதில்: பிள்ளைகள் ஏறினதும், கல்லில் தெறித்த தண்ணி காய்வதற்கு முன்னால் ரப்பர் வைப்பரால் இழுத்துவிடுங்கள். குளிக்காத நேரத்தில் குளத்தை மூடி வையுங்கள். தோட்டத்துக் குழாயின் வாய் குளத்து விளிம்பில் சொட்டாமல் இருக்கட்டும். பாதிப் பேர் வீட்டில் அந்த ஒரு குழாயடியில்தான் முதல் வெள்ளை ஆரம்பித்திருக்கிறது, போய்ப் பாருங்கள்.